எந்த அரசனின் பதினான்காம் ஆண்டு?

உத்திரமேரூர் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில், மே தினக் கிராம சபைக்குச் சில நாள்கள் முன்பு ஒரு மனு தயாராகிக்கொண்டிருந்தது. ஊரைச் சுற்றியுள்ள ஐந்து ஏரிகளின் பரப்பும் பதிவேட்டில் குறைத்துக் காட்டப்பட்டிருக்கிறது என்பது அதன் சாரம். இளைஞர்கள் சிலர் வருவாய் கிராம வரைபடத்தை ஒளிவருடி, ‘க்யூஜிஐஎஸ்’ என்னும் கட்டற்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, ஏரிகளின் எல்லைகளைத் தாமே வரைந்து பரப்பைக் கணக்கிட்டிருந்தார்கள். பதிவேடு நூறு ஏக்கர் என்று சொன்ன இடத்தில் கணினி நூற்றைந்தரை ஏக்கர் என்றது. மீதி நிலம் எங்கே போயிற்று என்ற கேள்வியில் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. ஏரி மாவட்டம் என்று பெயர் பெற்ற நிலத்தில் ஏரிகள் சுருங்குவதைக் கண்முன் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

மனுவைப் படித்துப் பார்த்த ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அஞ்சு ஏரியிலயும் ஒரே கணக்கா திருடுறவன் எவன் தம்பி?”

உண்மைதான். ஆக்கிரமிப்பு ஒரு ஏரியில் பத்து ஏக்கரை விழுங்கும், இன்னொன்றில் கரையோரம் நாலு சென்டைக் கடிக்கும். ஐந்திலும் ஏறத்தாழ ஒரே விழுக்காடு குறைகிறது என்றால் குறை நிலத்தில் இருக்க முடியாது. அளக்கும் முறையில்தான் இருக்க வேண்டும். தேடிப் பார்த்தபோது கிடைத்த குற்றவாளி நான். அவர்கள் பின்பற்றியது நான் சில ஆண்டுகளுக்கு முன்பு தமிழில் எழுதிய ஒரு வழிகாட்டிக் குறிப்பை.

நடந்தது இதுதான். இணையத்தில் செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் வரைபடங்கள் பெரும்பாலும் ‘வெப் மெர்கேட்டர்’ என்னும் முறையில் உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கின்றன. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக, இம்முறையில் நிலம் உப்பிக்கொண்டே போகும். கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிவதற்கு இதுவே காரணம். உத்திரமேரூர் இருக்கும் ஏறத்தாழ 12.6 பாகை அட்சரேகையில் பரப்பு ஐந்தரை விழுக்காட்டளவு கூடித் தெரியும். காஷ்மீரில் அது நாற்பதைத் தாண்டும். ஆகவே பரப்பைக் கணக்கிடும்போது தட்டைத் தாளில் அளக்காமல் பூமியின் உண்மையான வளைவைக் கணக்கில் எடுத்து அளக்க வேண்டும். நான் குறிப்பு எழுதிய காலத்தில், பரப்புக் கணக்கிடும் அந்தக் குறிப்பிட்ட செருகுநிரல் தானாகவே அப்படித்தான் அளந்தது. ஆதலால், “எந்த அமைப்பையும் மாற்ற வேண்டியதில்லை, பொத்தானை அழுத்தினால் போதும்” என்று எழுதிவிட்டேன். பின்னர் வந்த பதிப்பில் அதன் ஆசிரியர் இயல்பமைப்பை மாற்றியிருந்தார். அந்த மாற்றத்தைப் பற்றிப் பதிப்புக் குறிப்பில் ஒரு வரி இருந்தது. என் குறிப்பில் எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்ற விவரமும் இல்லை, எழுதிய தேதியும் இல்லை. திரைப்படங்கள்கூட மாறவில்லை; பொத்தான் அதே இடத்தில் அதே நிறத்தில் இருந்தது.

மனு கிழிக்கப்பட்டது. கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் ஊர் நடுவே திருடனாக நிற்காமல் தப்பினார். ஆனால் இந்தச் சிறு விபத்துக்குள் இருக்கும் சிக்கல் சிறியதன்று என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

செருகுநிரல் என்பது தாய் மென்பொருளில் பின்னாளில் பொருத்திக்கொள்ளும் ஒரு துணைக் கருவி. டிராக்டருக்குக் கலப்பை, டிரெய்லர், நெல் அடிக்கும் பொறி எல்லாம் தனித்தனியே வாங்கி மாட்டுவதைப் போல. இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸுக்கு ஏறத்தாழ அறுபதாயிரம் இலவசச் செருகுநிரல்கள் அதன் அதிகாரபூர்வக் கிடங்கிலேயே உள்ளன. இவற்றை எழுதுகிறவர்கள் வெவ்வேறு நாடுகளில் இருக்கும் வெவ்வேறு மனிதர்கள். தாய் மென்பொருளுக்கு ஒரு நாள்காட்டி உண்டு. க்யூஜிஐஎஸ் நீண்ட காலமாக நான்கு மாதங்களுக்கு ஒரு முறை புதிய பதிப்பை வெளியிட்டுவந்திருக்கிறது. செருகுநிரல் ஆசிரியருக்கு அப்படி ஏதும் இல்லை. தேர்வு முடிந்ததும் ஒருவர் வெளியிடுவார். குழந்தை பிறந்ததும் இன்னொருவர் நிறுத்திவிடுவார். தாயும் சேயும் இப்படித் தனித்தனி வேகத்தில் வளரும்போது, அவற்றை விளக்கும் ஆவணம் யாருடைய வேகத்தில் போவது? தாய் மென்பொருளின் கையேட்டில் செருகுநிரலைப் பற்றி எழுதினால் அடுத்த வாரமே பழசாகும். செருகுநிரல் ஆசிரியரின் பக்கத்தில் மட்டும் எழுதினால் தேடுகிறவருக்குக் கிடைக்காது. என்னைப் போன்ற மூன்றாம் மனிதர் எழுதினால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ச் சுவர் ஒன்றைக் காட்ட விரும்புகிறேன். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. குடவோலை முறை என்று பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்ததுதான். 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும் விழாவில் பிரதமர் இதைக் குறிப்பிட்டபோது ஊரே ஒரு நாள் பெருமிதத்தில் மிதந்தது. மக்களாட்சி என்று அதைக் கொண்டாடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. அது ஒரு பிரமதேயத்தின் சபை. நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆண்களின் சபை. பெண்களுக்கும் உழுதவர்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. ஆனால் ஒரு விதிமுறையை எப்படி எழுதி வைப்பது என்பதில் அந்தச் சபையாரிடம் கற்க நிறையவே இருக்கிறது.

முதல் கல்வெட்டு பராந்தகனின் 12-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. 919 என்று கணிக்கிறார்கள். இரண்டாவது 14-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 921. இரண்டும் வாரியங்களுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளையே சொல்கின்றன. ஏரி வாரியத்துக்கும் இதில் இடம் உண்டு என்பதை ஏரியில் ஆரம்பித்த கட்டுரையில் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இரண்டு ஆண்டுகளில் விதி மாறியிருக்கிறது. முதலாவதில் வயது வரம்பு 30-க்கு மேல் 60-க்குள். இரண்டாவதில் 35-க்கு மேல் 70-க்குள். நடைமுறை விளக்கமும் இரண்டாவதில் கூடியிருக்கிறது. நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்ட வேண்டும்; உள்ளே இருப்பது இன்னதென அறியாத சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும்; அதைப் பெறுகிறவர் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் வாங்க வேண்டும்; வாங்கியவர் படித்த பின் அங்குள்ள நம்பிமார் எல்லோரும் படிக்க வேண்டும். இரண்டு ஆண்டு அனுபவத்தில் எங்கெங்கே இடறியதோ அங்கெல்லாம் விளக்கம் கூடியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. மூடிய கைக்குள் இன்னோர் ஓலையை மறைத்துவைத்திருந்த ஒருவரை யாரோ பார்த்திருக்க வேண்டும்!

ஆவணம் எழுதுகிறவனாக என்னை நிறுத்திவைப்பவை வேறு இரண்டு. இரண்டாம் முறை எழுதியபோது, “முன்பு சொன்னதில் வயதை மட்டும் இவ்வாறு மாற்றிக்கொள்க” என்று ஒட்டு வேலை செய்யவில்லை. விதிமுறையை மீண்டும் தொடக்கம் முதல் வெட்டியிருக்கிறார்கள். புதிதாக வருகிறவர் ஒரு கல்வெட்டை மட்டும் படித்தால் போதும். அதே வேளையில் பழையதைச் செதுக்கி அழிக்கவும் இல்லை. இரண்டும் இருக்கின்றன, எது பின்னது என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை, ஏனெனில் ஆட்சியாண்டு முதலிலேயே இருக்கிறது.

அந்த ஆட்சியாண்டை எழுதிய முறைதான் இன்னும் முக்கியம். சோழ அரசர்கள் பரகேசரி, இராசகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடியவர்கள். விசயாலயன் பரகேசரி, பராந்தகன் பரகேசரி, உத்தம சோழன் பரகேசரி, முதலாம் இராசேந்திரனும் பரகேசரி. ‘பரகேசரியின் 14-ஆம் ஆண்டு’ என்று மட்டும் இருக்கும் கல்வெட்டைக் காலத்தில் பொருத்துவதற்குள் கல்வெட்டறிஞர்கள் படாத பாடு படுவார்கள். எந்தப் பரகேசரி? உத்திரமேரூர்க் கல்வெட்டில் அந்தச் சிக்கல் இல்லை. மதுரையை வென்றதைக் குறிக்கும் ‘மதிரை கொண்ட’ என்ற அடைமொழி பரகேசரிக்கு முன் நிற்கிறது. அது பராந்தகனைத் தவிர வேறு யாரையும் குறிக்காது. எண் மட்டும் போதாது, அது யாருடைய எண் என்பதும் வேண்டும்.

இதே சிக்கலில் ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்து ஒரு பெரிய மென்பொருள் திட்டம் மாட்டிக்கொண்டது. பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்க உதவும் ‘ஆன்சிபிள்’ 2012-இல் தோன்றியது. 2015-இல் ரெட் ஹேட் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதன் துணைக் கருவிகள் ஆயிரக்கணக்கில் பெருகி, எல்லாம் ஒரே கிடங்கில், ஒரே பதிப்பு எண்ணில் வெளிவந்துகொண்டிருந்தன. ஒரு சிறு கருவியில் பிழை திருத்த வேண்டுமென்றாலும் தேர் முழுவதும் நகர வேண்டும். 2020-இல் வெளியான 2.10 பதிப்பில் அதைப் பிரித்தார்கள். நடுவில் சிறிய கரு. கருவிகள் எல்லாம் ‘தொகுப்பு’ என்ற பெயரில் தனித்தனிக் கிடங்குகளில், தனித்தனிப் பதிப்பு எண்களோடு, தனித்தனி ஆசிரியர்களிடம்.

மென்பொருளைப் பிரிப்பதைவிட ஆவணத்தைப் பிரிப்பது கடினமாயிற்று. ஆன்சிபிளில் ஒவ்வொரு கருவியின் விளக்கமும் அந்தக் கருவியின் நிரல் கோப்புக்குள்ளேயே, குறிப்பிட்ட வடிவத்தில் எழுதப்பட வேண்டும் என்பது முன்பிருந்தே விதி. ஒவ்வொரு விருப்பத்தேர்வும் எந்தப் பதிப்பில் சேர்க்கப்பட்டது என்றும் அதில் எழுதுவார்கள். ‘2.4-இல் சேர்க்கப்பட்டது’ என்றால் முன்பு ஐயமில்லை, ஒரே அரசன்தான். பிரிந்த பிறகு, 2.4 என்பது கருவின் எண்ணா, தொகுப்பின் எண்ணா? இரண்டும் இருக்கக்கூடிய எண்களே. எனவே பதிப்பு எண்ணோடு தொகுப்பின் பெயரையும் சேர்த்துக் காட்டும் முறைக்கு மாறினார்கள். இன்று அந்த ஆவணப் பக்கத்தின் தலையில், இக்கருவி எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது, இங்கே விளக்கப்படுவது அத்தொகுப்பின் எந்தப் பதிப்பு, உங்கள் கணினியில் அது இருக்கிறதா என்று பார்க்க எந்தக் கட்டளை என்பவை வந்துவிடும். மதிரை கொண்ட பரகேசரி திரும்பி வந்துவிட்டார்.

அவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. எல்லாக் கருவிகளுக்குமான பொது ஆவணத் தளத்தை யாரும் கையால் எழுதுவதில்லை. விளக்கம் நிரலோடு பிறக்கிறது, நிரலோடு வெளியாகிறது. பொதுத் தளம் அவற்றைப் பல கிடங்குகளிலிருந்தும் தானியங்கியாகத் திரட்டிக் காட்டுகிறது, அவ்வளவே. ஊருக்கு ஒரு பெயர்ப் பட்டியல் பொதுவில் இருக்கட்டும். வீட்டுக் கணக்கை அந்தந்த வீட்டார் எழுதட்டும் என்பது போல. அதைவிடப் பெரிய வசதி, கணினியில் நிறுவியிருக்கும் கருவியின் விளக்கத்தை இணையமே இல்லாமல் ஒரு கட்டளையில் படித்துவிடலாம் என்பது. நிறுவியிருப்பது எந்தப் பதிப்போ அதன் விளக்கமே வரும். நாங்கள் இருக்கும் பக்கம் மழை பெய்தால் இணைப்பு போகும், வெயில் அடித்தால் மின்சாரம் போகும். ஆவணம் மென்பொருளோடு கூடவே பயணிப்பது நகரத்தாருக்கு ஒரு நேர்த்தி. எங்களுக்கு அது தேவை.

க்யூஜிஐஎஸ் போன்றவற்றிலும் பாதி வழி போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு செருகுநிரலோடும் ஒரு சிறு விவரக் கோப்பு கட்டாயம். தாய் மென்பொருளின் குறைந்தபட்சப் பதிப்பு எது என்று அதில் சொல்லியாக வேண்டும். கைவிடப்பட்டது என்று குறிக்கவும் அதில் இடம் உண்டு. வேர்ட்பிரஸில் எந்தப் பதிப்பு வரை சோதித்துப் பார்த்தேன் என்று ஆசிரியர் எழுத வேண்டும். தாய் மென்பொருள் மூன்று பெரிய பதிப்புகள் முன்னேறியும் அவர் சோதிக்காமல் இருந்தால் பக்கத்தின் தலையில் எச்சரிக்கை வந்துவிடும். மனிதர்களை நம்பாமல், அவர்கள் மறந்துபோவார்கள் என்பதை நம்பிச் செய்த ஏற்பாடு இது. எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் இவை எல்லாம் செருகுநிரலின் தகுதியைச் சொல்கின்றனவே தவிர, அதன் விளக்கத்தின் தகுதியைச் சொல்வதில்லை. 2018 பிப்ரவரியில் க்யூஜிஐஎஸ் 3.0 வந்தபோது, அடித்தளமே மாறியதால் பழைய செருகுநிரல்கள் திருத்தி எழுதப்படாமல் ஓடவே ஓடா என்ற நிலை ஏற்பட்டது. ஓடாத செருகுநிரலால் தீங்கில்லை. பயனருக்கு உடனே தெரிந்துவிடும். ஓடிக்கொண்டே தவறான விடை தருவதுதான் ஆபத்து. பழைய விளக்கத்தோடு சேர்ந்த புதிய செருகுநிரல் அந்த வகை.

பழைய விளக்கங்களை அழித்துவிட்டால் தீர்ந்ததா என்று கேட்கலாம். தீராது. 32 பிட் விண்டோஸுக்கான வெளியீட்டை க்யூஜிஐஎஸ் நிறுத்திவிட்டது; ஆனால் அந்தக் கணினிகள் ஊர்களில் நின்றுவிடவில்லை. பழைய பதிப்பைப் பயன்படுத்துகிறவருக்குப் பழைய விளக்கமே சரியான விளக்கம். அதை அழிக்காமல், “இது இன்ன பதிப்புக்கு உரியது, புதியது அங்கே இருக்கிறது” என்று தலையில் எழுதி வைப்பதே முறை. சுவரில் இரண்டு கல்வெட்டும் இருக்கட்டும்.

தமிழில் எழுதும்போது இன்னொரு படி சிக்கல் கூடுகிறது. செருகுநிரலுக்கு ஒரு வேகம், தாய் மென்பொருளுக்கு ஒரு வேகம் என்றால், மொழிபெயர்ப்புக்கு மூன்றாவது வேகம். ஆங்கில மூலம் திருத்தப்பட்டது தமிழ்ப் பிரதிக்குத் தெரியாது. 2012 முதல் வெளிவரும் ‘கணியம்’ இதழும் அதைச் சூழ்ந்த தன்னார்வலர்களும் தமிழில் கணினி நுட்பக் கட்டுரைகளுக்கு ஒரு தளம் அமைத்துத் தந்திருக்கிறார்கள். பகிரவும் திருத்தவும் இடம் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் அங்கே உண்டு. எனவே பழைய கட்டுரையைத் திருத்திப் புதுப்பிக்கச் சட்டத் தடை இருக்க வேண்டியதில்லை. தடை நம் பழக்கத்தில் இருக்கிறது. தமிழில் நுட்பம் எழுதுகிற நாம் ஒவ்வொன்றையும் கட்டுரையாக எழுதுகிறோம். எழுதி முடித்ததும் அது இலக்கியம் போல நிலைத்துவிட்டதாக எண்ணுகிறோம். கையேடு கட்டுரை அன்று. பஞ்சாங்கம் போன்றது, எந்த ஆண்டுக்கு என்று அட்டையில் இல்லாத பஞ்சாங்கத்தை யாராவது வாங்குவார்களா? ஆண்டைப் பார்க்காமல் முகூர்த்தம் குறிக்காத நாம், பதிப்பைப் பார்க்காமல் ஏரியை அளந்துவிட்டோம்.

அரசும் பல்கலைக்கழகங்களும் பணம் கொடுத்துச் செய்விக்கும் தமிழ்க் கருவிகளுக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டென்பது என் கருத்து. திட்ட அறிக்கையோடு ஒரு பயனர் கையேடு ஒப்படைக்கப்பட்டால் வேலை முடிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. அக்கையேடு நிரலோடு ஒரே கிடங்கில் இருக்கிறதா, கருவியின் அடுத்த பதிப்பு வெளியாகும்போது கையேடு திருத்தப்படாவிட்டால் வெளியீட்டை நிறுத்திவைக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று ஒப்பந்தத்திலேயே கேட்கலாம். செலவு அதிகமில்லை. உத்திரமேரூர்ச் சபையார் இதைவிடக் கடுமையாக இருந்தார்கள்: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினருக்கும் குடத்தில் ஓலை இடம்பெறாது. செருகுநிரல் ஆசிரியரின் மைத்துனரைத் தண்டிக்க நான் பரிந்துரைக்கவில்லை.

என் குறிப்பை நான் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பழையதன் தலையில் பெரிய எழுத்தில் செருகுநிரலின் பெயர், அதன் பதிப்பு, க்யூஜிஐஎஸ் பதிப்பு, நான் கடைசியாகச் சோதித்த நாள் ஆகிய நான்கையும் சேர்த்தேன். புதிய பதிப்புக்கு மாற்றங்களை மட்டும் எழுதாமல் முழுக் குறிப்பையும் மறுபடி எழுதினேன். அதில் ஒரு சரிபார்ப்பையும் வைத்திருக்கிறேன்: ஒரு ஏரியை அளப்பதற்கு முன், பரப்பு நிச்சயமாகத் தெரிந்த ஒரு நிலத்தை அளந்து பாருங்கள், விடை ஐந்து விழுக்காட்டுக்கு மேல் கூடினால் நிறுத்திவிடுங்கள். இது அந்த ஓய்வுபெற்ற அளவையர் சொன்ன யோசனை. அவர் காலத்தில் காலையில் வேலை தொடங்குமுன் சங்கிலியின் நீளத்தைச் சரிபார்ப்பார்களாம். செருகுநிரலின் ஆசிரியருக்கும் இந்த எச்சரிக்கையை மூல ஆவணத்தில் சேர்க்கச் சொல்லி எழுதினேன். இரண்டே நாளில் நன்றி சொல்லிச் சேர்த்துவிட்டார்.

ஆனால் பழைய குறிப்பு, தலைப்பு சேர்ப்பதற்கு முந்தைய வடிவத்தில், யாரோ பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப் குழுக்களில் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன வாரம் மதுராந்தகம் பக்கமிருந்து ஒருவர் அழைத்தார். அவர்கள் ஊர் ஏரி பதிவேட்டைவிடப் பெரியதாக வருகிறதாம். எந்தப் பதிப்பின் குறிப்பைப் பார்த்து அளந்தீர்கள் என்று கேட்டேன்.

“நீங்க எழுதினதுதாங்க ஐயா” என்றார்.